முந்நூறாவது ஆட்டம் – 17: பத்து வார்த்தைகள்

தலையில் அடிபட்டவன் பன்னிரண்டு நாள் ஆடக் கூடாது என்பது விதி. பன்னிரண்டாம் நாள் டாக்டர் சோதித்துப் பார்த்துச் சரி என்றால் ஆடலாம். ரோரி பென்ஹேலுக்கு இந்த வியாழக்கிழமைதான் பன்னிரண்டாம் நாள்.

போன சனிக்கு முந்தின சனி. ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டம், மூன்றாம் கால்பகுதி. உயரத்தில் மிதந்து வந்த பந்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பின்னோக்கி ஓடினான் ரோரி. பந்து கைக்குள் விழுந்த அதே நொடியில் சொந்த அணிக்காரனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் மோதியது. சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டது. நாற்பது நொடி அசைவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஐம்பதாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவன் மனைவி சிமோன் மட்டும் நாற்காலிக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அது அவனுடைய இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது ஆட்டம்.

பதினெட்டு வயதில் கிப்ஸ்லாந்தின் காகித ஆலை ஊரிலிருந்து ஒரு பையும் இரண்டு ஜோடி பூட்ஸுமாக மெல்பர்னுக்கு வந்தவன். வில்லோபேங்க் கிளப்புக்குப் பதினாறு வருஷம் ஆடிவிட்டான். அதில் ஒன்பது வருஷம் கேப்டன். இரண்டு சாம்பியன் பட்டங்கள். லீகின் தலைசிறந்த ஆட்டக்காரன் என்று இரண்டு பதக்கங்கள். வரும் சனிக்கிழமை மைதானத்தில் இறங்கினால், நூற்று முப்பது வருஷக் கிளப்பில் முந்நூறு ஆடிய இரண்டாவது ஆள்.

மதியம் இரண்டு மணிக்கு டெஸ்ட். மாலை ஆறு மணிக்கு அணி அறிவிப்பு.

*

காலை ஐந்து மணியிலிருந்து சிமோன் ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்தாள். மழை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் விளம்பரக் கண்ணாடிக்குள் அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான். முகத்துக்குக் கீழே '300' என்று ஆள் உயரத்துக்கு எண். இருபத்தெட்டு நிறுத்தங்கள், இருபத்தெட்டு ரோரி.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி ஓட்டுவதற்காக வண்டியின் மறுமுனைக்கு நடந்தபோது பச்சை மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண் வழிமறித்தாள். இரண்டு கக்கத்திலும் பச்சை, வெள்ளைக் காகிதச் சுருள்கள்.

"நீங்க சிமோன்தானே? தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் பென்னி கிழிச்சுக்கிட்டு ஓடி வரப்போற காகிதப் பேனரை நாங்கதான் ஒட்டறோம். செவ்வாய்க்கிழமையிலேருந்து முப்பது பேரு தரையில கெடக்கோம். பச்சைக் காகிதம் ஊர்லயே தீந்து போச்சு, ஜீலாங் போய் வாங்கிட்டு வந்தோம்னா பாத்துக்கோங்க!"

"ரொம்ப சிரமம் உங்களுக்கு."

"சிரமமா? எங்க வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனப்பக்கூட நான் இவ்வளவு வேலை பாத்ததில்ல." அவளே சிரித்துவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "ஆடிடுவாருல்ல?"

"டாக்டர்தான் சொல்லணும்."

"டாக்டர் என்னத்தச் சொல்றது! பென்னிக்குக் கல்லு மண்டை."

சிமோன் சிரிக்க முயன்றாள். உதடுதான் விரிந்தது.

அந்தக் கல் மண்டைக்காரன் பன்னிரண்டு நாளாக வீட்டில் திரைச்சீலையைத் திறக்க விடவில்லை. மகள் மேவ் கரண்டியைக் கீழே போட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கேட்டால், "தூக்கம் பத்தல" என்பான். கிளப் டாக்டர் திங்கட்கிழமை பார்த்துவிட்டு முன்னேற்றம் தெரிகிறது என்று எழுதியிருந்தார். அதை நம்புவதா, தன் கண்ணை நம்புவதா என்று சிமோனுக்குத் தெரியவில்லை.

ஒரு மணிவரை இருந்திருக்க வேண்டிய வேலை. மாற்று ஓட்டுநர் சீக்கிரமே வந்துவிட்டதால் பதினொன்றரைக்கெல்லாம் வீடு திரும்பினாள். ஈரக் காலணியோடு கூடத்தில் நடக்க வேண்டாமே என்று பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தாள். கார் கொட்டகைக்குள் மாமனார் மெர்வ் பேசுவது கேட்டது.

"ஏணி. தேன். ஜன்னல். குதிரை. பொத்தான். மழை. பாலம். கம்பளி. நங்கூரம். வெங்காயம்."

கடைக்குப் போக ஏதோ பட்டியல் போடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். குதிரையும் நங்கூரமும் எந்தக் கடையில் விற்கிறது?

"ஏணி, தேன், ஜன்னல், குதிரை…" இது ரோரி. "பொத்தான், மழை, பாலம்… பாலம்… ரொட்டி."

"ரொட்டி மூணாவது லிஸ்ட்ல. இது ரெண்டாவது."

"தெரியும்!"

"தெரிஞ்சா சொல்லு."

"தலை வெடிக்குதுப்பா. பத்து நிமிஷம் விடுங்க."

"அதை மட்டும் டாக்டர்கிட்ட வாயத் தொறந்து சொல்லிடாதே. எங்கே, மறுபடி முதல்லேருந்து. ஏணி…"

சிமோன் கதவைத் தள்ளினாள்.

உடற்பயிற்சிச் சாமான்களுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட பால் கூடையின் மேல் மெர்வ் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, ஒரு கையில் நேரம் பார்க்கும் கடிகாரம், மடியில் நான்கு தாள்கள். ரோரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். அதுவும் டெஸ்ட்டில் ஒரு பகுதி. அவளைப் பார்த்ததும் மற்றக் காலைத் தரையில் ஊன்றினான்.

அவள் நேராகப் போய் மாமனார் மடியிலிருந்த தாள்களை எடுத்தாள். நான்கு பட்டியல்கள், பட்டியலுக்குப் பத்து வார்த்தை. மேலே கிளப் மருத்துவப் பிரிவின் முத்திரை. டாக்டர் பத்து வார்த்தையை வாசிப்பார், ஆட்டக்காரன் திருப்பிச் சொல்ல வேண்டும், சற்று நேரம் கழித்து மறுபடி சொல்ல வேண்டும். நான்கில் எந்தப் பட்டியல் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். நான்கையும் மனப்பாடம் செய்துவிட்டால் எது வந்தால் என்ன?

"இது எங்கேருந்து வந்தது?"

மெர்வ் கண்ணாடியைக் கழற்றினார். "சிமோன் கண்ணு, இதுல நீ தலையிடாதே."

"மெர்வ், நான் உங்களைக் கேக்கறேன்."

"டாக்டர் ரூம் பிரின்டர்ல கெடந்துச்சு. எடுத்தேன். நான் திருடல. காகிதம் கெடந்தா எடுக்கிற பழக்கம் எனக்கு, ஆலையில முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தவன்."

இந்த மாதிரி நேரத்திலும் வேடிக்கை பேசுகிற மனிதர். சிமோனுக்கு அவரைப் பிடிக்காமல் இல்லை. மாமியார் லோர்னா இறந்த பிறகு, மூன்று வருஷம் முன்னால், தனியாக இருக்க வேண்டாம் என்று கட்டாயப்படுத்தி அவரை இங்கே அழைத்து வந்தவளே அவள்தான். கிளப்பில் ஜெர்சி அறையைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் யோசனைதான். அந்த அறைச் சாவிதான் டாக்டர் அறை வாசல்வரை அவரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அவள் ரோரியிடம் திரும்பினாள். "இது எத்தனாவது தடவை?"

அவன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"ரோரி, எத்தனை தடவை இப்படி ஒப்பிச்சுப் பாஸ் பண்ணே?"

"மூணு."

"மூணு." அவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, 'டாக்டர் சரின்னுட்டாங்க சிம்'னு சொன்னியே. நான் கேக் வாங்கிட்டு வந்தேனே!"

"ஒரே ஒரு ஆட்டம். சனிக்கிழமை முடிஞ்சதும் நானே நிறுத்திடறேன்."

"சனிக்கிழமை ஒருத்தன் முழங்காலைக் கொண்டாந்து அங்கேயே வச்சான்னா?"

"எல்லாரும்தான் அடி வாங்கறாங்க," என்றார் மெர்வ். "எங்க காலத்துல ஈர ஸ்பாஞ்சை மூஞ்சில அடிச்சு மறுபடி உள்ளே அனுப்புவாங்க. நான் செத்தா போயிட்டேன்? நான் ஆடினது பதினாலு ஆட்டம். பதினாலு! முட்டி போச்சு, ஆலைக்குப் போயிட்டேன். இவன் முந்நூறுக்கு வாசப்படியில நிக்கறான். அந்தப் படியைத் தாண்டாதேன்னு சொல்றியே, உனக்கு எப்படி மனசு வருது?"

"அவன் தாண்டின பிறகு நாப்பது வருஷம் யார் பாத்துக்கிறது மெர்வ்? நீங்களா? நீங்க இருப்பீங்களா அதுவரைக்கும்?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மை என்று அவளுக்கே தெரிந்தது. மெர்வின் முகம் சுண்டிப் போனது. ஆனால் திரும்பப் பெற அவளுக்கு மனமில்லை.

"டாக்டர்கிட்ட நீ சொல்றியா ரோரி, நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா அப்பாவைக் கிளப்புக்குள்ளயே விட மாட்டாங்க. தெரியும்ல? அந்த ஜெர்சி ரூம்தான் அவருக்கு எல்லாம்."

"நான் அதைக் கேக்கல."

அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். வெளிச்சம் படாமல் கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டான். "வாங்கப்பா, நேரமாச்சு." வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீ சொன்னேன்னா, சிம், அதுக்கப்புறம் இந்த வீட்ல எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியல."

மெர்வின் வண்டி மழையில் பின்வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

ஒரு மணி நேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் போட்டாள், குடிக்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்யலாம். ஆனால் டாக்டர் கிளப்பின் சம்பளக்காரர். விஷயம் கோச்சுக்குப் போகும், கிளப் தலைவருக்குப் போகும்; நாற்பதாயிரம் டிக்கெட் விற்றாகிவிட்டது. 'சனிக்கிழமை முடியட்டுமே' என்று யாராவது ஒருவர் அன்பாகச் சொல்லிவிட்டால் போதும்.

பன்னிரண்டே முக்காலுக்கு, கிளப்புகளுக்கெல்லாம் மேலே இருக்கும் லீகின் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மூன்று பேரிடம் மாறி, கடைசியில் விசாரணைப் பிரிவில் பாய்ட் என்று ஒருவர் பேசினார். வறண்ட குரல், அவசரப்படாத மனிதர். அவள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார்.

"அந்தப் பட்டியலை அவருக்கு யார் கொடுத்தாங்க, மிசஸ் பென்ஹேல்?"

மெர்வ் தினமும் காலையில் மேவுக்குத் தலை வாரிவிடுவார். கோணலாகத்தான் வாருவார். மேவ் வேறு யாரையும் விட மாட்டாள்.

"வீட்ல… ஒருத்தர்," என்றாள்.

"பேர்?"

"அது இப்ப முடியாது."

"சரி. பிறகு கூப்பிடறேன்," என்றார் அவர்.

வீட்டில் இருக்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில், வாசல் தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டு, மழையைத் துடைக்கும் துடைப்பானையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

*

டாக்டர் எலெனி ஸ்டாவ்ரூ பத்து வருஷமாக வில்லோபேங்க் டாக்டர். ரோரியின் தோள்பட்டை, மூக்கு, இரண்டு விலா எலும்பு எல்லாம் அவர் கை பட்டுச் சேர்ந்தவைதான். இன்று கறுப்பு உடையில் இருந்தார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது என்று ரோரி நினைத்தான், அதற்கு மேல் நினைக்கவில்லை. அவன் மனசு முழுக்கப் பத்து வார்த்தைகள்.

இரண்டாவது பட்டியல்தான் வந்தது.

ஏணியிலிருந்து வெங்காயம் வரை தடையில்லாமல் சொன்னான். பாலத்துக்குப் பிறகு கம்பளி சரியாக வந்து நின்றது. மாதங்களைத் தலைகீழாகச் சொன்னான். எண்களைத் திருப்பிச் சொன்னான். ஒற்றைக் காலில் இருபது நொடி நின்றான். கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டபோதும் பத்துக்குப் பத்து.

"தலைவலி?"

"இல்ல."

"வெளிச்சம்?"

"இல்ல டாக்."

டாக்டர் ஒவ்வொரு கட்டமாகக் குறித்துக்கொண்டே வந்தார். பேனா கடைசிக் கட்டத்தை நெருங்கியது. ரோரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில் சும்மா இருக்க முடியாமல், பேச்சுக்குக் கேட்டான்:

"ஆமா, உங்க அம்மா எப்படி இருக்காங்க? இந்த வருஷம் எள்ளு பிஸ்கட் அனுப்பவே இல்லையே. என் மேல கோவமா?"

பேனா நின்றது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறானோ என்று ஒரு நொடி அந்தக் கண்கள் தேடின. அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. வழக்கமான அந்தச் சிரிப்புதான்.

"ரோரி, அம்மா போன வெள்ளிக்கிழமை இறந்துட்டாங்க. நேத்து அடக்கம்."

"ஐயோ… டாக்… எனக்குத் தெரியாதே! யாருமே சொல்லலையே!"

"நான்தான் சொன்னேன். திங்கட்கிழமை. இதே ரூம்ல, இதே நாற்காலியில நீ உக்காந்திருந்தே. எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ அனுப்பின பூ நேத்து சர்ச்சுக்கு வந்தது. இன்னிக்கு நீ உள்ளே வந்ததும் நன்றி சொல்லணும்னு நினைச்சேன். டெஸ்ட்டுக்கு முன்னாடி உன்னைக் கலைக்க வேண்டாம்னு விட்டேன்."

"பூவா? நானா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அது… டாக், அது டெஸ்ட்ல இல்லையே." சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னான். "பேப்பர்ல இருக்கறது எல்லாம் சரியாச் சொல்லிட்டேன்ல? பத்துக்குப் பத்து."

"சொன்னே."

"அப்ப?"

டாக்டர் எழுந்து கதவைத் திறந்தார். தாழ்வாரத்தில் மெர்வ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். "கொஞ்சம் உள்ளே வாங்க."

மெர்வ் சிரித்துக்கொண்டே வந்தார். மகன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பா," என்றான் ரோரி, "திங்கட்கிழமை இங்கேருந்து கெளம்பினப்ப நான் உங்ககிட்ட ஏதாவது சொன்னேனா? டாக் அம்மாவைப் பத்தி?"

மெர்வ் டாக்டரைப் பார்த்தார். மேஜை மேல் இருந்த தாளைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் குறி. கடைசிக் கட்டம் மட்டும் காலி. விஷயம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆலைத் தொழிற்சங்கத்தில் பேரம் பேசிப் பழகிய ஆள். 'பூ நான் அனுப்பினது, இவனுக்கு ஒண்ணும் தெரியாது. சின்ன வயசிலிருந்தே எதையும் காதில் வாங்க மாட்டான்' என்று ஒரு வரி சொன்னால் போதும். டாக்டர் தயங்குவார். தயங்கினால் ஒரு வழி கிடைக்கும்.

"சொல்லுங்கப்பா."

மெர்வ் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தபோது அவர் குரலே மாறியிருந்தது.

"சொன்னேடா. வண்டியில ஏறினதும் சொன்னே. பூக்கடையில நிறுத்தச் சொன்னே. நான் வெள்ளைப் பூ எடுத்தேன், நீ வேண்டாம்னுட்டே. அவங்க வீட்டு வாசல்ல மஞ்சள் ரோஜா இருக்கும், அதான் பிடிக்கும்னே. கார்டுல நீயே எழுதினே, உன் கையால." தொப்பி அவர் விரலிடுக்கில் முறுகியது. "அப்புறம் வழியெல்லாம் உங்கம்மாவைப் பத்திப் பேசிட்டு வந்தே. லோர்னாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு நீ அழவே இல்லைல்ல… திங்கட்கிழமை அழுதே. பாலத்தைத் தாண்டி ஓரமா நிறுத்தினேன். ரெண்டு பேரும் அழுதோம்டா."

ரோரி தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ வேறு ஒருவனுக்கு நடந்ததைக் கேட்பது போல.

"ஒண்ணுமே ஞாபகம் இல்லியா?" மெர்வ் கேட்டார். "நான் சொன்னது? லோர்னாவைப் பத்தி நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு சொன்னேனே… அதுகூடவா?"

"இல்லப்பா."

மெர்வ் சுவரோரம் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயது அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் மேல் தெரிந்தது.

ரோரி மேஜையில் இருந்த தாளைத் தன் பக்கம் திருப்பினான். "டாக், இதைக் கிழிச்சுடுங்க. நாலு லிஸ்ட்டும் எனக்கு மனப்பாடம். இன்னிக்கு மட்டும் இல்ல. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி எடுப்பீங்கல்ல ஒரு டெஸ்ட், அதுல வேணும்னே மோசமாச் செய்வேன். அப்புறம் அடிபட்டு வந்தாலும் வித்தியாசம் தெரியாது."

டாக்டர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தார். பத்து வருஷமாகத் தான் போட்ட கையெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"லிஸ்ட் யார் கொடுத்தது?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

நாற்காலியில் மெர்வ் அசைந்தார். ரோரி திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நான் இன்னிக்குக் கேக்கல," என்றார் டாக்டர். "என் அம்மாவுக்கு மஞ்சள் பூ அனுப்பினவன்கிட்ட இன்னிக்கு என்னால கேக்க முடியாது. ஆனா கேக்கறவங்க வருவாங்க, ரோரி."

அவர் போனை எடுத்து கோச்சின் எண்ணை அழுத்தினார்.

*

மூன்று மணிக்கு ரோரி தனியாக வெளியே வந்தான். வாசலில் தொலைக்காட்சி வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. பின்பக்கமாக வந்து சிமோனின் காரில் ஏறி, இருக்கையைப் பின்னால் சாய்த்தான்.

"மெர்வ் எங்கே?"

"ஜெர்சி ரூம்ல. சனிக்கிழமைக்கு எனக்குன்னு தைச்ச ஜெர்சியை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருக்கார். கூப்பிட்டேன், வரல." கண்ணை மூடிக்கொண்டான். "நான் ஆடல, சிம். நானே சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

அவள் கை அவன் கையைத் தேடிப் பிடித்தது. அழுகை வந்தது. அழுதால் சொல்ல வேண்டியது நின்றுபோகும் என்று முழுங்கினாள்.

"ரோரி, நானும் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"கிளப்ல இல்ல. லீக்ல. பன்னிரண்டே முக்காலுக்கு."

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கையில் உயிர் போய்விட்டது.

"ரெண்டு மணி வரைக்கும்கூட என்னை நம்ப முடியலியா?"

"நம்பறதுக்கு நீ என்ன கொடுத்துட்டுப் போனே? மூணு பொய்யும், ஒரு மிரட்டலும்."

அவள் வண்டியை எடுத்தாள். மேவை அழைக்கப் போக வேண்டும். வியாழக்கிழமை மெர்வ் போகிற நாள், இன்று அவர் போக மாட்டார்.

பள்ளிக்கூடத் தெருவில் கார்கள் வரிசை கட்டி ஊர்ந்தன. எதிர் வேலியில் குழந்தைகள் வரைந்த பச்சை எண்கள் மழையில் வழிந்துகொண்டிருந்தன. அப்போது சிமோனின் போன் அடித்தது. முன்னால் இருந்த தட்டில் அது அதிர்ந்து நகர்ந்தது. தெரியாத எண்.

"அவங்கதான்," என்றாள். "எடுக்கட்டுமா?"

"நீ ஓட்டறே." ரோரி போனை எடுத்தான். காதில் வைக்காமல், அவளுக்கும் கேட்கும்படி உள்ளங்கையில் பிடித்தான்.

"மிசஸ் பென்ஹேல்? பாய்ட் பேசறேன். மதியம் நீங்க சொன்ன விஷயமா…"

"நான் ரோரி. அவ பக்கத்துலதான் இருக்கா."

"மிஸ்டர் பென்ஹேல். நீங்க இப்பவே பேசணும்னு கட்டாயம் இல்ல. வக்கீலை வச்சுக்கிட்டுப் பேசலாம்."

"அவ சொன்னது உண்மை. ஒண்ணுதான் தப்பு. மூணு தடவைன்னு சொல்லிருப்பா. நான் அவகிட்ட அப்படித்தான் சொன்னேன்." சிமோன் திரும்பினாள். அவன் நேராகச் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "அஞ்சு தடவை. அதுல ஒண்ணு போன வருஷ இறுதிப் போட்டி."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். முன் வண்டி நகர்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. கோப்பை வென்ற ஆட்டம் அது. அன்றிரவு அவன் மேவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். அந்தப் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

"புரியுது," என்றார் பாய்ட். தாளில் எழுதும் சத்தம் கேட்டது. "நேர்மையாச் சொன்னதுக்கு நன்றி. இன்னும் ஒரே கேள்வி. அதுக்கு எனக்குப் பதில் கிடைச்சாகணும், ஏன்னா இது வேற கிளப்புகளுக்கும் போயிருக்குமான்னு நாங்க பாக்கணும். அந்தப் பட்டியலை உங்களுக்குக் கொடுத்தது யாரு?"

பின்கதவு திறந்தது. பள்ளிப்பையும் மழைநீரும் ஒரு பக்கம் சாய்ந்த பின்னலுமாக மேவ் உள்ளே ஏறினாள். அப்பாவை வியாழக்கிழமையில் காரில் பார்த்ததும் ஒரு நொடி மகிழ்ந்தாள். பிறகு இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா ஏன் வரல?"

சிமோன் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஹலோ? மிஸ்டர் பென்ஹேல், லைன்ல இருக்கீங்களா?"

ரோரி மகளின் ஈரத் தலையின் மேல் ஒரு கையை வைத்தான்.

"இருக்கேன்," என்றான்.